அடிநிலமும் தாய்மொழியும்



மொழியைப் பற்றிப் பேசுதற்கென்று கூடிய மன்றத்தில், கல்லையும் மண்ணையும் துளைத்து உரேனியம் தேடுவதைப் பற்றிப் பேசுவது பொருந்துமோ என்று ஒருவர் ஐயுறலாம். பொருந்தும் என்பது மட்டுமன்று, இன்றியமையாததும் ஆகும். என்னை? ஒரு நிலத்தின் அடியில் என்ன கிடக்கின்றது என்பதை அறிந்தவனே அந்நிலத்தை ஆள்கின்றான். அறிந்தவன் ஒரு மொழியிலும், அங்கு வாழ்பவன் மற்றொரு மொழியிலும் நிற்பாராயின், நிலத்துக்குரியவன் தன் முற்றத்திலேயே அயலானாகி விடுகின்றான். இதற்கு இந்திய நாட்டிலேயே சான்றுகள் உள. அவற்றுள் ஒன்று அண்மைக் காலத்தது. அதனை முதற்கண் காண்போர்க்கு ஏனையவை எளிதின் விளங்கும்.

நல்லமலையில் எழுந்த வினா

ஆந்திரத்திலும் தெலுங்கானத்திலுமாகப் பரந்து கிடப்பது நல்லமலைக் காடு. தமிழ்ச் செவிக்கு நலமுடைய மலை என்று ஒலிக்கும் அப்பெயர்க்குத் தெலுங்கிற் கரிய மலை என்பதே பொருள். அதன் வடபகுதி, கிருட்டிணை யாற்றுக்கு வடக்கே, அம்ராபாத்துப் புலிக்காப்புக் காடாக விளங்குகின்றது. தேனெடுத்தும் கிழங்ககழ்ந்தும் வழிவழியாக அங்கு வாழ்வோர் செஞ்சு எனும் பழங்குடியினர்.

ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட நடுவணரசின் அணுக்கனிம இயக்ககம், இக்காட்டில் 83 சதுரக் கிலோமீட்டர் பரப்பில், ஏறத்தாழ 4000 துளைகள் இட்டு உரேனியம் தேட இசைவு வேண்டியது. 2019-ஆம் ஆண்டு மே திங்களில், காடுகள் பற்றி அறிவுரை கூறும் நடுவணரசுக் குழு அதற்குக் கொள்கையளவில் ஒப்புதல் தரலாம் என்றது. செய்தி பரவியதும் செஞ்சு மக்களும், மாணவரும், எழுத்தாளரும், கலைஞரும் எழுந்தனர். அவ்வாண்டு செபுதம்பர் திங்களில் தெலுங்கானச் சட்டமன்றமே நல்லமலையில் உரேனியச் சுரங்கம் வேண்டா என்று தீர்மானம் இயற்றியது.

"சுரங்கம் அன்று, வெறுந் தேடல்தானே! தேடுவதற்கும் தடையா?" என்று அறிவுடையாரும் கேட்கக்கூடும். இவ்வினாவிற்கு உணர்ச்சியால் விடை கூறுதல் ஆகாது. தேடல் என்பது யாது, எவ்வகையில் நடைபெறுகின்றது என்று அறிந்த பின்னரே விடை கூறல் வேண்டும்.

பெயரும் பொருளும்

செருமானிய வேதியலர் கிளாப்ரோத்து 1789-இல் இத்தனிமத்தைக் கண்டறிந்தார். அதற்கு எட்டாண்டு முன்னர், 1781-இல் காணப்பெற்ற உரானசு எனும் கோளின் பெயரையே இதற்கும் இட்டார். யகரம் ஆகாரத்தோடு கூடியே தமிழ்ச் சொல்லுக்கு முதலாகும் என்பது தொல்காப்பியர் கண்ட மரபாகலின், இப்பெயரை 'உரேனியம்' என்று எழுதுதலே தமிழியல்புக்கு ஏற்றதாம். இதன் உப்பினின்று கட்புலனாகாக் கதிர்கள் வெளிப்படுவதை 1896-இல் பிரான்சு நாட்டுப் பெக்கரல் கண்டார். அக்கதிரே இன்றும் தேடுவோர்க்குக் கைவிளக்கு.

பொருளை அறியும் வழிகளை அளவை என்பது தமிழ் மரபு. காண்டல், கருதல், உரை என அவை மூன்று. கண்ணாற் காண்பது காண்டல். புகையைக் கண்டு தீயை உய்த்துணர்வது கருதல். அறிந்தார் சொற்கேட்டு அறிவது உரை. உரேனியத் தேடல் முழுவதும் இம்மூன்றனுள் அடங்கும். தேடுவோர் கருதலில் தொடங்கிக் காண்டலில் முடிக்கின்றனர். நிலத்தார்க்கோ உரை ஒன்றே வழி.

கருதல்: தொடாமல் அறிதல்

உரேனியம் தானே வீசும் காமாக் கதிர் மிகக் குறைவு. அது படிப்படியாகச் சிதைந்து, இரேடியம், இரேடான் வளி முதலிய பல சேய்ப்பொருள்களாக மாறி, முடிவில் ஈயமாய் அமைகின்றது. இடையில் தோன்றும் பிசுமத்து-214 என்னும் சேய்ப்பொருள், 17.6 இலக்கம் எலக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள காமாக் கதிரை வீசுகின்றது. பொட்டாசியத்தின் கதிர் 14.6 இலக்கம், தோரிய வழியில் வரும் கதிர் 26.1 இலக்கம். மூன்றும் மூன்று குரல்கள் போல்வன. சோடிய அயோடைடுப் பளிங்கு ஒன்றில் இக்கதிர்கள் படுங்கால் சிறு சிறு ஒளிப்பொறிகள் தோன்றும். ஒளியின் வலிமையை அளந்து, இது எதன் குரல் என்று கருவி பிரித்துணரும்.

இக்கருவியை உலங்கூர்தியிலேனும் வானூர்தியிலேனும் ஏற்றி, உழவன் சால் ஓட்டுவதுபோல் இணைகோடுகளாகத் தாழப் பறப்பர். எந்தச் சாலில் எவ்விடத்திற் குரல் ஓங்கியது என்று குறித்து, அவ்விடங்களுக்குக் கால்நடையாகச் சென்று கையளவிகளால் மீண்டும் அளப்பர். மண்ணிடை வளியில் இரேடான் எவ்வளவு உள்ளது, கிணற்றிலும் ஓடையிலும் உள்ள நீரில் உரேனியம் கரைந்துளதா என்றும் ஆய்வர்.

ஆயின் இங்கொரு குறைபாடு உண்டு. அரை மீட்டர் கனமுள்ள மண்ணோ பாறையோ மூடியிருந்தால், கீழிருந்து வரும் காமாக் கதிர் பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். எனவே வானூர்தி காண்பது நிலத்தின் தோலை மட்டுமே. தோலுக்கடியில் உள்ளதை அறிய வேறு வழி வேண்டும். அதுவே நில இயற்பியல் அளவாய்வு எனப்படும்.

பாறைகள் பலவகை. சில காந்தத்தன்மை மிக்கன. சில எடை மிக்கன. சில மின்னோட்டத்தை எளிதிற் கடத்துவன. காந்தமளவி நிலத்தின் காந்தப் புலத்தில் தோன்றும் சிறு வேறுபாட்டையும் காட்டும். ஈர்ப்பளவி, அடியிற் கிடப்பது கனத்த பாறையா, இலேசான பாறையா என்று கூறும். நிலத்தில் முளைகளை நட்டு மின்னோட்டம் பாய்ச்சி மின்தடைமையை அளப்பதும் உண்டு. கம்பிச் சுருளால் மாறுகின்ற காந்தப் புலத்தை எழுப்பி, அடியிலுள்ள மின்கடத்தும் பாறை தரும் மறுமொழியைக் கேட்பதும் உண்டு.

கனடா நாட்டின் சாசுகாச்சுவான் மாநிலத்தில் அத்தபாசுகா என்னும் பெரும் மணற்கற் படுகை உள்ளது. அங்கு 1981-இல் கண்டறியப்பெற்ற சிகார் ஏரி உரேனியம், நிலத்திற்கு நானூறு மீட்டருக்குங் கீழே கிடந்தது. அதன் கதிரில் ஒரு துளியும் மேலே எட்டுதற்கு வழியில்லை. பின் யாங்ஙனம் இத்தகைய புதையல்களைத் தேடுகின்றனர்? அங்கு மணற்கல்லுக்கு அடியிலுள்ள பழம்பாறையில் கரிவயமான எழுதுகரிப் பட்டைகள் ஓடுகின்றன. எழுதுகரி மின்னை நன்கு கடத்தும். உரேனியமும் அப்பட்டைகளை ஒட்டி, பழம்பாறையும் மணற்கல்லும் கூடும் எல்லையிலேயே பெரிதும் தங்கும். ஆகவே உரேனியத்தைத் தேடாமல் எழுதுகரியைத் தேடி, அதன் வழியே உரேனியத்தை நெருங்குகின்றனர். தோழனைத் தொடர்ந்து சென்று தலைவன் இருப்பிடம் அறிவது போன்றது இது.

நல்லமலைப் பகுதியிலும் அடியிற் பழங்கருங்கல், அதன்மேற் படிவுப்பாறை என்னும் இவ்வமைப்பு உண்டு. கருங்கல்லும் படிவும் கூடும் அவ்வெல்லையிலேயே உரேனியம் இருத்தல் கூடும் என்பது தேடுவோர் கருத்து. இவ்வளவும் கருதலே, இதுவரையிற் காட்டுக்குப் பெருங்கேடு இல்லை என்றே கூறலாம். ஆயின் கருதல் ஐயத்தை நீக்காது. ஐயம் நீங்கத் துளையிட்டே ஆகவேண்டும்.

காண்டல்: துளையிட்டு அறிதல்

துளையிடல் என்றதும் தமிழ்நாட்டுச் சிற்றூரார்க்கு ஆழ்துளைக் கிணறு நினைவுக்கு வரும். அதுவேறு, இதுவேறு. கிணறு தோண்டும் பொறி பாறையை அடித்துத் துகளாக்கி வெளித்தள்ளும். கனிமம் தேடும் பொறியோ உள்ளீடற்ற எஃகுக் குழாயின் நுனியில் வயிரம் பதித்து, சுழன்று சுழன்று வட்டமாக அறுத்துக்கொண்டு இறங்கும். நடுவில் அறுபடாமல் நிற்கும் பாறை, நீண்ட தண்டாகக் குழாய்க்குள் ஏறும். அப்பாறைத்தண்டை வெளியே எடுத்து, எந்த ஆழத்தது என்று எழுதி, பெட்டிகளில் வரிசையாக அடுக்குவர். பின்னர் நீளவாட்டிற் பிளந்து, ஒரு பாதியைக் காப்பில் வைத்து, மறுபாதியை வேதியல் ஆய்வுக்கு விடுப்பர்.

துளைக்குள் கதிரளவி ஒன்றையும் கம்பியிற் கட்டி இறக்குவர். எந்த ஆழத்தில் கதிர் ஓங்குகின்றது என்பதை அது வரைந்து காட்டும். இதற்குத் துளைப்பதிவு என்று பெயர். இங்கும் ஒரு நுட்பம் உண்டு. கருவி கேட்பது சேய்ப்பொருளின் குரலை. நிலத்தடி நீர், தாயாகிய உரேனியத்தைக் கரைத்து வேறிடம் கொண்டுபோய், சேயை மட்டும் விட்டுச் சென்றிருத்தல் கூடும். அப்போது கதிர் ஓங்கும், உரேனியம் இராது. இதன் மறுதலையும் நிகழும். ஆதலின் பதிவை மட்டும் நம்பாது தண்டையும் ஆய்தல் வேண்டும்.

ஒரு துளை ஒரு புள்ளியை மட்டுமே காட்டும். கனிமம் எவ்வளவு பரந்துள்ளது என்று அறியச் சதுரங்கப் பலகைபோற் கட்டங்கள் வகுத்து, முதலில் அகன்ற இடைவெளியிலும், பின்னர் நெருங்கிய இடைவெளியிலும் துளைத்துக்கொண்டே போவர். துளைகள் நூறாய், ஆயிரமாய்ப் பெருகுவது இதனாலேயே.

நல்லமலைக்கு 4000 துளை என்பதன் பொருள் இப்போது விளங்கும். துளையிடும் பொறி தானே பறந்து வாராது. அதற்கு வழி வேண்டும். வழிக்கு மரங்கள் வீழவேண்டும். துளைமுனையைக் குளிர்விக்க இடையறாது நீர் வேண்டும். கலங்கிய நீருக்குக் குழி வேண்டும். பணியாளர்க்குப் பாடி வேண்டும். பணி முடிந்தபின் ஒவ்வொரு துளையையும் சிமிட்டியால் அடைத்தாலன்றி, மேல் நீரடுக்கும் கீழ் நீரடுக்கும் கலந்து, கனிமத்தைத் தொட்ட நீர் குடிநீரிற் சேர்தலும் கூடும். வானினின்று பார்த்தல் ஒருவகைத் தேடல்; நாலாயிரம் இடத்தில் நிலத்தைக் கீறுதல் மற்றொருவகைத் தேடல். இரண்டையும் 'தேடல்தானே' என்னும் ஒரே சொல்லால் மூடுவது சொற்பிழை மட்டுமன்று, பொருட்பிழையும் ஆகும்.

தேடலின் முடிவில் நிற்பது

தேடல் முடிந்தபின் என்ன நிகழும் என்பதற்குச் சார்க்கண்டு மாநிலச் சாதுகுடா சான்று. விடுதலை பெற்ற சில்லாண்டுகளிலேயே, 1949-இல், அருங்கனிமங்களைத் தேட ஓர் அமைப்பு தோற்றுவிக்கப்பெற்றது. 1951-இல் சிங்பூம் பகுதியிற் சாதுகுடா உரேனியம் கண்டறியப்பெற்றது. 1967-இல் இந்திய உரேனியக் கழகம் நிறுவப்பெற்றுச் சுரங்கப் பணி பெருகிற்று. சுரங்கம் நாளடைவில் 900 மீட்டர் ஆழமும் கடந்தது.

அங்கு அகழும் கல்லில் உரேனியம் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. எனவே ஆயிரம் பங்கு கல்லை அரைத்தால், ஏறத்தாழ அத்தனையும் கழிவாய் அவ்வூரிலேயே நிற்கும். உரேனியத்தைப் பிரித்தெடுத்த பின்னும், கல்லின் முதற் கதிரியக்கத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு கழிவிலேயே தங்குகின்றது. என்னை? எடுக்கப்படுவது தாய், விடப்படுவன சேய்கள். அவற்றுள் தோரியம்-230 என்பதன் அரைவாழ்வு ஏறத்தாழ 75,000 ஆண்டு. கழிவுக்குளத்தருகே வாழ்வோர் தம் மக்களுக்கு உண்டாகும் நோயையும் உறுப்புக் குறையையும் இதனொடு சேர்த்துப் பல்லாண்டாக முறையிட்டு வருகின்றனர். கழகமோ அதனை மறுத்து வருகின்றது.

அம்மண்ணின் மக்கள் சந்தாலர், ஓ இனத்தார், முண்டாக்கள். அவர்தம் மொழிகள் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. சந்தாலி மொழிக்கு இரகுநாத்து முர்மு 1925-இல் தனியெழுத்தே வகுத்தளித்தார். ஆயினும் அம்மொழி இந்திய அரசமைப்பின் எட்டாம் பட்டியலில் இடம்பெறச் சட்டம் வந்தது 2003-இலேயே. ஓ மொழிக்கு இன்றும் அவ்விடம் இல்லை. அவர்தம் அடிநிலத்தின் மதிப்பு 1951-இலேயே தெரிந்தது. அவருள் ஒரு சாரார் மொழியின் மதிப்புத் தெரிய அரை நூற்றாண்டு சென்றது.

மேகாலய மாநிலத்தில், காசி மலையில் உள்ள தொமியாசியாத்து இதற்கு மறுதலை. அங்கும் 1980-களிலிருந்து தேடலும் துளையிடலும் நடந்து, மணற்கல்லில் உரேனியம் உண்டு என்று அறியப்பெற்றது. ஆயின் அங்கு நிலம் குடிகளுக்கும் குலங்களுக்கும் உரியது, குடிவழி தாய்வழி. காசி மாணவர் சங்கம் தொடர்ந்து எதிர்த்தது. நிலத்துக்குரியவருள் ஒருவராகிய சுபிலிட்டி இலிங்தோ இலாங்ரின் என்னும் மூதாட்டி, பெரும்பொருள் தர வந்தும் தம் நிலத்தைக் குத்தகைக்கு விட மறுத்தார். 2020-இல் மறையும் வரை மறுத்தே நின்றார். 2009-இல் முன்பணிகளுக்காக நிலம் விட முடிவு செய்த மாநில அரசு, 2016-இல் அம்முடிவைத் திரும்பப் பெற்றது.

மூதாட்டி கல்லூரி சென்றவர் அல்லர். நில இயற்பியல் கற்றவர் அல்லர். எனினும் துளையிடுங் காலத்திலேயே, 'இதன் பின் வருவது யாது' என்று கேட்கும் தெளிவு அம்மக்களிடையே இருந்தது. அத்தெளிவு அவர்தம் தாய்மொழியில், அவர்தம் ஊரவையிற் பேசப்பட்டமையாலேயே வலிவு பெற்றது.

உரை: மறுக்கப்படும் மூன்றாம் அளவை

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதற்குட்பட்ட பெருந்திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வேண்டும். அறிக்கையின் சுருக்கம் ஆங்கிலத்திலும் அவ்விடத்து மொழியிலும் இருத்தல் வேண்டும். சுருக்கம் மட்டுமே! நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரியும் முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். துளைப்பதிவும், நீரடுக்கும், கழிவுக்குளத்தின் கரை வலிமையும் அம்முழு அறிக்கையிலேயே புதைந்து கிடக்கும். உழவனுக்குத் தோலைக் காட்டி, அடிநிலத்தை மறைப்பது போன்றது இது.

அந்தச் சிறு வாயிலும் இப்போது அடைபட்டுள்ளது. 2025 செபுதம்பர் 8-ஆம் நாள் நடுவணரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் விடுத்த குறிப்பாணை, அணுக்கனிமச் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்பினின்று விலக்கு அளித்தது. நாட்டுக் காப்பு என்பது அதற்குக் காட்டப்பெற்ற கரணியங்களுள் ஒன்று. நாடு என்பது நிலமும் மக்களும் அன்றி வேறென்ன? மக்களைக் கேளாமல் நிலத்தைக் காத்தல் யாங்ஙனம்?

இவ்வாணை தமிழ்நாட்டைத் தொடாது என்று யாரும் கருதற்க. குமரிக் கடற்கரை மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டு உண்டு. தென்திருவிதாங்கூர்க் கரையிலிருந்து சென்ற தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே, 1909-இல் செருமானியர் ஒருவர் அதனைக் கண்டறிந்தார். ஊரார்க்கு அது காலில் ஒட்டும் மணல். அறிந்தவனுக்கு அது செல்வம்! மணவாளக்குறிச்சியில் அன்று தொடங்கிய மணல் அகழ்வு இன்றும் நடைபெறுகின்றது. 2024-இல் கிள்ளியூர் வட்டத்தில் ஆயிரம் எக்டேருக்கு மேற்பட்ட பரப்பில் மணல் அகழ முன்மொழிவு எழுந்தது. கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டமையால் மக்கள் அறிந்தனர், அறிந்தமையால் எதிர்த்தனர். மோனசைட்டும் அணுக்கனிமங்களுள் ஒன்றாகலின், புதிய குறிப்பாணை அவ்வறிவிப்புக்கே இடமில்லாமற் செய்துவிடும்.

செய்ய வேண்டுவது

இவ்வுரை அறிவியலுக்குப் பகையன்று. அறிவியலை வெறுப்பவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்பவன். கதிரளவியும் காந்தமளவியும் மாந்தன் மதியின் அரிய பேறுகள். ஆனால் அவ்வறிவு ஒரு சாராரிடம் மட்டும், ஒரு மொழியில் மட்டும் பூட்டிக் கிடக்குமாயின், அது அறிவாக நில்லாது, ஆட்சிக் கருவியாகிவிடும்.

தமிழில் இதனைச் சொல்ல முடியுமா என்று ஐயுறுவார்க்கு இவ்வுரையே விடை. கதிரளவி, மின்தடைமை, பாறைத்தண்டு, துளைப்பதிவு, நீரடுக்கு, சேய்ப்பொருள், அரைவாழ்வு, கழிவுக்குளம் - இவற்றுள் எச்சொல் கிணறு வெட்டிய தமிழனுக்குப் புரியாதது? நீரோட்டமும் ஊற்றுக்கண்ணும் அறிந்து, கிணற்றுக்கு இடம் காணக் கூவநூல் என ஒரு துறையே கண்ட மொழி இது. அடிநிலத்தைப் பற்றிப் பேசுதல் தமிழுக்குப் புதிதன்று.

ஆதலின், ஆசிரியன்மார் இச்சொற்களை வகுப்பறையில் வழங்குக. இளைஞர் சுற்றறிக்கைகளையும் ஆய்வறிக்கைகளையும் தேடிப் படித்து ஊரவையில் தமிழில் எடுத்துரைக்க. எந்த ஊரில் எந்தப் பொறி வந்து நின்றாலும், அவ்வூரார் கேட்கவேண்டிய வினாக்கள் சிலவே: தேடுவது எதனை? துளை எத்தனை, ஆழம் எவ்வளவு? நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? துளைகளை அடைப்பது யார், அடைத்ததை ஆய்வது யார்? கண்டறிந்ததை ஊரார்க்கு எந்த மொழியில், எந்நாளில் சொல்வீர்? முழு அறிக்கையும் தமிழில் வேண்டும் என்னும் கோரிக்கை வெறும் மொழிப்பற்று அன்று. அது குடிநீருக்கும், பிறக்கவிருக்கும் குழந்தைக்கும் இடும் வேலி.

நல்லமலைச் செஞ்சும், காசிமலை மூதாட்டியும் கற்பிப்பது இதுவே. காண்டலும் கருதலும் வல்லுநர்க்கு இருக்கட்டும். உரை என்னும் மூன்றாம் அளவையை எந்த மக்களும் விட்டுக்கொடுத்தல் ஆகாது. அவ்வுரை தாய்மொழியில் வருமளவும், நிலத்தின் மேல் நிற்பவன் அந்நிலத்துக்கு உரியவன் ஆகான்.

அடிநிலம் அறிக! அன்னைமொழியால் அறிக!

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!